பச்சைக்கு நடுவே நீலம்

1

இந்தக் கதை எனக்கு எப்படி வந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கள்ளக்குறிச்சி கடைவீதியில் மேட்சிங் சென்டர் வைத்திருக்கும் பைரோஸ், கூப்பிடாமலேயே என் வீட்டுக்கு வந்தார். என் எழுத்து மேசைக்கு அடியில் சம்மணம் போட்டு அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தார். அந்த அரை மணி நேரத்தில், தலையை நிமிர்த்தாமல், தன் மனைவி ஷாஜியாவுக்கும் அவளுடைய லேப்டாப்புக்கும் நடந்ததைச் சொன்னார். அவர் ஏன் மேசைக்கு அடியில் உட்கார்ந்தார் என்பதை அதற்குரிய இடத்தில் சொல்கிறேன்.

அவர் சொல்லாமல் விட்ட ஒரு வாக்கியம் இருக்கிறது. கதையே அந்த வாக்கியத்தில்தான் நிற்கிறது. அது தெரியாமல்தான் எழுதத் தொடங்கியிருக்கிறேன்.

(ஷாஜியாவை நான் பார்த்ததில்லை. பார்த்தால் ‘அவங்க’ என்றுதான் சொல்வேன். கதைக்குள் வந்ததும் ‘அவள்’ ஆகிவிட்டாள். ஒருவர் மனதுக்குள் நுழைந்து பார்க்கத் துணிந்த பிறகு மரியாதை விகுதி மட்டும் எதற்கு என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். சமாதானம் அவ்வளவு சரியில்லை.)

2

முதல் தொடக்கம் இது:

‘கல்வராயன் மலைக்குப் பின்னால் சூரியன் மெல்ல இறங்கிக்கொண்டிருந்தபோது ஷாஜியா —’

நிறுத்திவிட்டேன். கதை நடப்பது வெயில் மண்டையைப் பிளக்கும் மத்தியானத்தில். அந்த நேரத்தில் சூரியனை இறக்கினால் கள்ளக்குறிச்சிக்காரர்கள் என்னைச் சும்மா விடமாட்டார்கள்.

இரண்டாவது தொடக்கம்:

‘நெட்வொர்க் கார்டு என்பது லேப்டாப்புக்குள் இருக்கும் ஒரு சிறு பலகை. வெளியிலிருந்து வரும் கேபிள் அதில்தான் —’

இதையும் விட்டேன். இப்படித் தொடங்கினால் நானே படிக்கமாட்டேன்.

மூன்றாவது நிற்கிறது:

ஷாஜியாவுக்கு வெள்ளிக்கிழமை மதியம் மூன்று மணிக்குள் ஓர் எண் வேண்டும். முப்பது. அவளுடைய லேப்டாப்பில் வந்துகொண்டிருந்தது மூன்று.

3

ஷாஜியா மெடிக்கல் கோடர். எங்கோ அமெரிக்காவில் ஒருவர் கீழே விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டால், டாக்டர் எழுதிய குறிப்பைப் படித்து, அந்த முறிவுக்கும் அந்தக் கட்டுக்கும் உரிய குறியீட்டைப் போடுவது அவள் வேலை. இடக்கையா வலக்கையா என்பதில் ஓர் எழுத்து மாறினால் மொத்தமும் திரும்பி வந்துவிடும். கல்யாணத்துக்கு முன்பு சென்னையில் மூன்று வருடம் இதைச் செய்தாள். கல்யாணமாகிக் கள்ளக்குறிச்சி வந்ததும் வேலை போனது. ஐந்து வருடம் கழித்து, வீட்டிலிருந்தே பார்க்கலாம் என்று இன்னொரு கம்பெனி கூப்பிட்டது. அன்றைக்கு அவள் சந்தோஷத்தில் இரண்டு வேளை சாப்பிடவில்லை என்று பைரோஸ் சொன்னார்.

ஒன்றரை வருடம் கூடத்தில், மோடத்துக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூல் போட்டு உட்கார்ந்து வேலை பார்த்தாள். பிறகு கம்பெனி புது விதி கொண்டுவந்தது. நோயாளிகளின் விவரம் இருப்பதால் கதவு வைத்த தனி அறை வேண்டும். வைஃபை கூடாது, கேபிள் வழியாகத்தான் இணைப்பு. இணைய வேகம் முப்பது எம்.பி.பி.எஸ்.ஸுக்குக் குறையக் கூடாது. வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு வீடியோவில் ஒருவர் வந்து அறையையும் வேகத்தையும் பார்ப்பார். தேறவில்லை என்றால் திங்கட்கிழமையிலிருந்து சென்னை அலுவலகத்துக்கு வர வேண்டும், அல்லது ராஜினாமா.

பைரோஸ் மாடியில் ஓர் அறை கட்டினார். பத்துக்கு எட்டு. ஒரு கதவு, மேற்கே பார்த்த ஒரு சன்னல், சன்னலில் மலை. கூடத்து மோடத்திலிருந்து மாடிப்படி ஓரமாகச் சுவரில் ஆணியடித்து, முப்பது மீட்டர் கேபிள் இழுத்தார். ஆளை வைத்துச் செய்யவில்லை. வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டு, கேபிளின் இரண்டு முனையிலும் பிளக்கை அவரே வைத்து நசுக்கினார். அதற்கென்று இருக்கும் நசுக்கும் கருவியையும் வாங்கினார்.

“எம் பொண்டாட்டிக்கு நானே லைன் போட்டேன்” என்று கடைக்கு வந்த ஆளிடமெல்லாம் சொன்னார். கேட்டவர்களில் ஆறு பேர், எங்களுக்கும் போட்டுக் குடுங்க பாய் என்றார்கள். போட்டுக் கொடுத்தார். காசு வாங்கவில்லை.

இரண்டு வாரத்துக்கு முன் ஷாஜியா மாடிக்குக் குடிபோனாள். அன்றிலிருந்து மூன்று. சில நாள் இரண்டு. ஒரு நாள் நாலு வந்தது, அதற்கே அவள் எழுந்து நின்றுவிட்டாள்.

4

இனி கோளாறு தேடும் படலம். இதில் எனக்கு ருசி அதிகம். ஷாஜியாவுக்கு அது பிழைப்புச் சங்கதி என்பதை மறக்காமல் எழுத வேண்டும்.

முதலில் கேபிள்நெட் வெற்றிவேல் வந்தான். அந்தத் தெருவுக்கு இணைய லைன் கொடுப்பவர்களின் ஆள்.

“அக்கா, கரும்பு லோடு டிராக்டர் எங்கனா லைனை இழுத்துக்கினு போயிருக்கும். மில்லு சீசன்ல இதே ரோதன” என்றான்.

கரும்பு அரவைக் காலத்தில் இந்தப் பக்கம் அது உண்மைதான். மூங்கில்துறைப்பட்டு ஆலைக்குப் போகும் டிராக்டரில் வீடு உயரத்துக்கு ஏற்றியிருப்பார்கள். தெருவைக் கடக்கும் வயர் ஏதாவது ஒன்று கரும்போடு சேர்ந்து ஊர்வலம் போகும். அவன் சொன்ன நாளில் ஒரு டிராக்டரும் போயிருந்தது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை. கூடத்தில் நின்று தன் போனில் வைஃபையில் போட்டுப் பார்த்தான். எழுபது வந்தது.

“வூட்டு வரைக்கும் லைன் நல்லா வந்துக்கினு கீது. அப்போ மேல போற கேபிள்தான்.”

பையிலிருந்து டெஸ்டரை எடுத்தான். ஒரு பெட்டியைக் கீழ் முனையிலும் இன்னொன்றை மேல் முனையிலும் மாட்டினான். கேபிளுக்குள் எட்டு வயர். ஒவ்வொரு வயருக்கும் ஒரு விளக்கு. ஒன்று, இரண்டு, மூன்று என்று எட்டும் வரிசை மாறாமல் பச்சையாக எரிந்தன.

“கேபிள் சூப்பரா கீதுக்கா. பிளக்கு யாரு அடிச்சது?”

“நான்தான்” என்றார் பைரோஸ். ஷாஜியா அப்போது அவர் முகத்தைப் பார்த்தாள். பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த பையன் முகம் மாதிரி இருந்தது.

“பாய், பேசாம எங்க ஆபீசுக்கு வந்துடுங்க” என்று சொல்லிவிட்டு வெற்றிவேல் கிளம்பினான்.

அடுத்து கம்பெனியின் உதவிப் பிரிவு. சென்னையிலிருந்து தனசேகரன் என்பவர், ஷாஜியாவின் லேப்டாப்பைத் தன் இடத்திலிருந்தே இயக்கினார். அம்புக்குறி தானாக நகர்வதை அவள் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தாள். நெட்வொர்க் கார்டை இயக்கும் டிரைவர் மென்பொருளை அழித்தார், புதிதாகப் போட்டார். மின்சாரம் மிச்சம் பிடிக்க கார்டு தூங்கிப்போகும் வசதியை நிறுத்தினார். வேகத்தைத் தானாகத் தேர்ந்தெடுக்காமல் கையால் கட்டிப்போட்டார். மறுபடி அவிழ்த்தார். மூன்று.

“மேடம், ஆயிரத்துக்கு லிங்க் ஆக வேண்டிய கார்டு நூறுலதான் லிங்க் ஆகுது. அதுலயும் பாதி டேட்டா உடைஞ்சு போகுது. கார்டு போயிடுச்சு. லேப்டாப்பை அனுப்பிடுங்க. மாத்திக் குடுக்க மூணு வாரம் ஆகும்.”

“மூணு வாரம் நான் இன்னா சார் பண்றது?”

“சென்னை ஆபீஸ்ல சிஸ்டம் இருக்கே மேடம்.”

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். வெற்றிவேலுக்குக் கேபிளில் குறையில்லை, தனசேகரனுக்குக் கேபிளைப் பற்றிக் கவலையே இல்லை, ஆகவே கார்டு. ஷாஜியா வெள்ளிக்கிழமை வரை பொறுக்கச் சொன்னாள்.

(இந்த இடத்தில் நான் ஒரு பாவம் செய்தேன். மாமியார் காசிம் பீவி யாருக்கும் தெரியாமல் கேபிளில் ஊசி குத்திவிட்டார் என்று ஒன்றரைப் பக்கம் எழுதினேன். மருமகள் மாடியில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தால் மாமியாருக்குக் கோபம் வருமே என்று. எழுதி முடித்ததும், மாமியார் என்றதும் என் கை தானாக ஊசியைத் தேடுவதைக் கவனித்து வெட்கப்பட்டேன். அந்த அம்மாள், ஷாஜியா வேலை நேரத்தில் மாடிப்படியில் யாரும் செருப்புச் சத்தம் போடக் கூடாது என்று சட்டம் போட்டவர். ஒன்றரைப் பக்கத்தையும் கிழித்துவிட்டேன்.)

5

வெள்ளிக்கிழமை வந்தது. பைரோஸ் பன்னிரண்டரைக்குக் கடையைச் சாத்தி, குளித்து, சட்டை மாற்றி, ஜும்ஆ தொழுகைக்குப் போய்விட்டார். காசிம் பீவி அடுப்பில் நெய்ச்சோறு வைத்திருந்தார்.

ஷாஜியா மாடி அறையில் அந்த மூன்றையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிறகு அவளுக்கு ஒரு யோசனை வந்தது. மாடிக்கு வந்ததிலிருந்து இந்த லேப்டாப்பைப் பழைய இடத்தில் வைத்துப் பார்க்கவேயில்லை. தூக்கிக்கொண்டு கூடத்துக்கு இறங்கினாள். மோடத்தோடு பெட்டியில் வந்த கைநீளக் கேபிள் டி.வி. ஸ்டாண்டுக்குப் பின்னால் தூசியில் கிடந்தது. அதைச் சொருகினாள்.

தொண்ணூற்று மூன்று.

அவள் திரும்பவும் போட்டாள். தொண்ணூற்று நான்கு.

“மாமி, கார்டு நல்லா கீது!” என்று கத்தினாள். காசிம் பீவிக்கு எந்தக் கார்டு என்று புரியவில்லை. ரேஷன் கார்டைத்தான் நினைத்திருப்பார். “அல்ஹம்துலில்லாஹ்” என்றார்.

அப்படியானால் குறை மாடிக் கேபிளில்தான் இருக்க வேண்டும். ஆனால் எட்டு விளக்கும் எரிந்ததே? பயத்தையும் மீறி அவளுக்கு ஒரு சுவாரசியம் தட்டியது. டாக்டர் இடக்கை என்று எழுதி, எக்ஸ்ரேயில் வலக்கை இருந்தால் வருமே, அந்தச் சுவாரசியம். அந்த நிமிடத்தில்தான் எனக்கு இவளைப் பிடித்துப்போனது.

மாடிக் கேபிளின் பிளக்கைக் கழற்றி எடுத்தாள். கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக், உள்ளே எட்டு வயரும் வரிசையாகத் தெரியும். போன் கேமராவைப் பெரிதாக்கிப் படம் எடுத்தாள். கைநீளக் கேபிளின் பிளக்கையும் எடுத்தாள். இரண்டு படத்தையும் பக்கத்தில் வைத்தாள்.

மாடிக் கேபிள் அழகாக இருந்தது. வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு. வெள்ளைப் பச்சை, பச்சை. வெள்ளை நீலம், நீலம். வெள்ளை பிரவுன், பிரவுன். நான்கு ஜோடி, கைகோத்து நின்றன.

கைநீளக் கேபிளில் முதல் ஜோடியும் கடைசி ஜோடியும் அதேதான். நடுவில் மட்டும் குளறுபடி. வெள்ளைப் பச்சைக்குப் பக்கத்தில் நீலம், அப்புறம் வெள்ளை நீலம், அதற்கும் அப்புறம்தான் பச்சை. பச்சை ஜோடியைப் பிரித்து நடுவில் நீல ஜோடியை உட்காரவைத்திருந்தார்கள்.

கம்பெனிக்காரன் தப்பாக வைத்துவிட்டான் என்றுதான் முதலில் நினைத்தாள். ஆனால் தொண்ணூற்று மூன்று வந்தது அந்தத் தப்பில்தான். பத்து நிமிடம் இணையத்தில் தேடிப் படித்தாள். படித்து முடித்ததும் போனைக் கவிழ்த்து வைத்தாள்.

6

அவள் படித்ததை எனக்குத் தெரிந்த பாஷையில் சொல்கிறேன். புரிந்துகொள்ள எனக்கு இரண்டு டீ ஆனது.

கேபிளுக்குள் ஒவ்வொரு நிற வயரும் தன் வெள்ளை ஜோடியோடு முறுக்கிக் கிடக்கிறது. செய்தி போவது தனி வயரில் இல்லை, ஜோடியில். முறுக்கி இருப்பதால்தான் பக்கத்து ஜோடியின் இரைச்சல் இதன் காதில் விழுவதில்லை. பிளக்கில் மூன்றாவது இடமும் ஆறாவது இடமும் ஒரே ஜோடிக்கு உரியவை என்று என்றைக்கோ யாரோ விதித்துவிட்டார்கள். நாலும் ஐந்தும் இன்னொரு ஜோடிக்கு. பைரோஸ் ஜோடிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்ததால், மூன்றில் பச்சை வீட்டு ஆள், ஆறில் நீல வீட்டு ஆள். முறுக்கு எதுவும் இல்லாத இரண்டு பேரைச் சேர்த்து வேலைக்கு அனுப்பியது போல ஆயிற்று. கைநீளத்தில் சமாளித்திருப்பார்கள். முப்பது மீட்டர் படியேறும்போது பேச்செல்லாம் கலந்து, பாதி உடைந்து, திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது.

(டெஸ்டர் ஏன் சொல்லவில்லை? வயர் அந்த முனைக்குப் போய்ச் சேருகிறதா என்று மட்டும்தான் அது கேட்கும். யாரோடு போகிறது என்று கேட்காது. இரண்டு முனையிலும் பைரோஸ் ஒரே மாதிரி வைத்திருந்தார்.)

வீடியோவில் சரியான வரிசையைத்தானே காட்டியிருப்பார்கள் என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டேன். பைரோஸ் மேசைக்கு அடியிலிருந்து சொன்னார்: “காட்னான் சார். நான்தான் அவன் கலர் தெரியாதவன்னு நெனச்சேன்.”

பதினாறு வருடமாக அவர் மேட்சிங் சென்டர் வைத்திருக்கிறார். சேலையைக் கொண்டுவந்து மேசையில் விரித்தால், அதற்குச் சேரும் ரவிக்கைத் துணியை நூற்றைம்பது பச்சைக்கு நடுவிலிருந்து உருவி எடுப்பார். டியூப்லைட் பொய் சொல்லும் என்று வாசல் வெயிலுக்கு எடுத்துப் போய்க் காட்டுவார். சேரவில்லை என்று இதுவரை ஒரு பிட்டுகூடத் திரும்பி வந்ததில்லை. அப்படிப்பட்ட கையில் எட்டு வண்ண வயரைக் கொடுத்து, பச்சையைப் பிரித்து நடுவில் நீலத்தை வை என்றால் வைக்குமா? வீடியோவில் இருந்தவனைத் திருத்திவிட்டது. இந்தத் தப்பை வெற்றிவேல் செய்யமாட்டான். நான் செய்யமாட்டேன், எனக்கு நிறம் பொருத்தவே தெரியாது.

ஷாஜியாவுக்கு இது புரிந்தபோது சிரிப்பு வந்திருக்கும். அடுத்த நொடி அவர் முகம் நினைவுக்கு வந்திருக்கும். இரண்டையும் நான் ஊகித்துத்தான் எழுதுகிறேன்.

மணி ஒன்று ஐம்பது. வெற்றிவேலுக்குப் போன் போட்டாள். அவன் மூங்கில்துறைப்பட்டில் கம்பத்தின் மேல் இருந்தான், நிஜமாகவே டிராக்டர் இழுத்த லைன். “ஆறு மணிக்கு மேல வரேன்கா” என்றான். முப்பது மீட்டர் ரெடிமேட் கேபிள் ஊரில் எந்தக் கடையிலும் இல்லை. கூடத்தில் உட்கார்ந்து காட்டலாம் என்றால் கூடத்துக்குக் கதவில்லை. மிஞ்சியது ஒரே வழி. கேபிளின் இரண்டு முனையையும் வெட்டி, புது பிளக் வைத்து, நசுக்க வேண்டும். நசுக்கும் கருவியும் மிச்ச பிளக்குகளும் கடையில் இருந்தன. கடைச் சாவி பைரோஸ் இடுப்பில் இருந்தது.

ஆக, அவரிடம்தான் கேட்க வேண்டும். எதுக்கு என்பார்.

7

காசிம் பீவியிடம் முதலில் சொன்னாள். அவர் கரண்டியை வைத்துவிட்டுக் கேட்டார். பச்சை நீலம் எல்லாம் அவருக்கு வேண்டியிருக்கவில்லை. மகன் போட்டது தப்பு என்பது மட்டும் புரிந்தது.

“ஊரு பூரா சொல்லிக்கினு திரிஞ்சானே ஷாஜி. ஆறு பேருக்கு வேற போட்டுக் குடுத்துக்கீறான். இப்போ போய்த் தப்புன்னா அவன் மூஞ்சிய எங்க வெச்சிக்குவான்? லேப்டாப்பு பூட்ச்சுன்னு சொல்லிடேன். மெட்ராஸ்காரனே அதத்தானே சொன்னான்?”

“அப்பிடிச் சொன்னா லேப்டாப்ப அனுப்பணும் மாமி. நான் மெட்ராஸ் போவணும்.”

காசிம் பீவி கரண்டியை மறுபடி கையில் எடுத்தார். பூனைக்கு யார் மணி கட்டுவது என்று எலிகள் கூடிப் பேசிய கதையில் எலிகளுக்காவது நேரம் இருந்தது. இங்கே வெளிக்கதவு திறக்கும் சத்தம் கேட்டுவிட்டது. இரண்டே கால். பைரோஸ் தொப்பியை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டே, “இன்னா ஷாஜி, இன்னிக்கி பரீட்சையாச்சே, நம்ம கேபிளு இன்னா சொல்லுது?” என்று கேட்டபடி படியேறினார்.

பின்னாலேயே அவள் ஏறினாள். மேலே போய் என்ன சொன்னாள்?

8

முதல் வரைவு. ஷாஜியா அவர் முகத்தைப் பார்க்கிறாள். கண் கலங்குகிறது. “லேப்டாப்புல கார்டு பூட்ச்சுங்க. உங்க கேபிளு தங்கம்” என்கிறாள். திங்கட்கிழமை சென்னை பஸ்ஸில் சன்னலோரம் உட்கார்ந்திருக்கிறாள். மாடி அறை பூட்டிக் கிடக்கிறது. எழுதியபோது எனக்கே அழுகை வந்தது. மறுநாள் படித்தபோது கோபம் வந்தது. ஒரு பிளாஸ்டிக் பிளக்குக்காக ஒரு பெண்ணின் வேலையைத் தூக்கிக் கொடுத்துவிட்டு, அதற்குத் தியாகம் என்று பெயர் வைத்து, நான் உட்கார்ந்து அழுதிருக்கிறேன்.

இரண்டாவது வரைவு. “யாருங்க உங்கள கேபிளு அடிக்கச் சொன்னது? ரெண்டு வாரமா சாவுறேன் நான்! வீடியோவுல ஒருத்தன் காட்டுனா அதும்படி செய்ய வேண்டியதுதானே? எல்லாம் தெரிஞ்ச மாதிரி —”

நியாயமான கோபம். ஆனால் இப்படிப் பேசினால் பைரோஸ் பதில் பேசுவார். பதிலுக்குப் பதில் என்று மணி மூன்றாகிவிடும். சண்டைக்கு நேரம் இருப்பவர்கள்தான் சண்டை போட முடியும்.

மூன்றாவது வரைவை எழுதிவிட்டு என் முதுகை நானே தட்டிக்கொண்டேன். ஷாஜியா ஒன்றும் சொல்லாமல் இரண்டு பிளக்கையும் அவர் உள்ளங்கையில் வைக்கிறாள். “இதுல இன்னா வித்தியாசம் கீது, உங்க கண்ணுக்குத்தான் தெரியும்” என்கிறாள். அவர் சன்னல் வெயிலுக்கு எடுத்துப் போய்ப் பார்க்கிறார். தானே கண்டுபிடிக்கிறார். அவர் கௌரவமும் போகவில்லை, அவள் வேலையும் போகவில்லை. பாம்பும் சாகாமல் தடியும் உடையாமல்.

ஆனால் பைரோஸ் இரண்டையும் பார்த்தால் எதைத் தப்பு என்பார்? கம்பெனிக் கேபிளைத்தான். பச்சையைப் பிரித்து வைத்திருக்கிறானே மடையன் என்பார். என் சாமர்த்தியத்துக்கு அவர் தொழில் இடம் கொடுக்கவில்லை.

(நான்காவது ஒன்றும் தொடங்கினேன். ‘ஷாஜியா வாயைத் திறந்தாள். சொற்கள் —’ சொற்கள் என்று எழுதியதும் சொற்கள் நின்றுவிட்டன.)

9

நடந்ததில் எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்.

“அவ சொன்னா சார். நான் அப்பிடியே வண்டிய எடுத்துக்கினு கடைக்குப் போய், கருவிய எடுத்துக்கினு வந்துட்டேன்” என்றார் பைரோஸ்.

“என்ன சொன்னாங்க?”

“அது எதுக்கு சார்.”

கூடத்தில் ஒரு முனை, மாடியில் ஒரு முனை. வயர்களைப் பிரித்து வரிசைப்படுத்த உட்கார்ந்தபோது அவர் கை மறுபடி மறுபடி பச்சைக்குப் பக்கத்தில் பச்சையையே கொண்டுவந்தது. “மேட்சிங் பாக்காதீங்க. இங்க குடுங்க” என்று அவள் வாங்கி, போனில் இருந்த படத்தைப் பார்த்து ஒவ்வொன்றாக அடுக்கி, கலையாமல் விரல் நுனியில் பிடித்துக்கொண்டாள். அவர் பிளக்கைச் சொருகி நசுக்கினார். கொஞ்சம் முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் நசுக்கினேன் என்று அவரே சொன்னார். இரண்டு ஐம்பத்து நாலுக்கு மேல் முனையைச் சொருகினார்கள். லேப்டாப் ஆயிரத்தில் லிங்க் ஆனது. வேகம் தொண்ணூற்று ஒன்று.

மூன்று மணிக்கு வீடியோவில் ஓர் அம்மாள் வந்தார். கதவைச் சாத்திக் காட்டச் சொன்னார், கேபிளைத் தொட்டுக் காட்டச் சொன்னார், எண்ணைக் குறித்துக்கொண்டார். கேமராவை அறை முழுக்கச் சுற்றச் சொன்னவர், சன்னல் வந்ததும், “அது என்ன மலை?” என்று கேட்டார். “கல்வராயன் மலைங்க மேடம்” என்றாள் ஷாஜியா. அவ்வளவுதான், தேறிவிட்டாள். பைரோஸ் கதவுக்கு வெளியே படியில் உட்கார்ந்து நெய்ச்சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார், செருப்பைக் கீழேயே விட்டுவிட்டு.

சனிக்கிழமை முழுக்க அவர் அந்த ஆறு பேரில் ஐந்து பேரைத் தேடிப் போனார். பாத்திரக் கடை, மருந்துக் கடை, ஒரு டைப்பிங் சென்டர், இரண்டு வீடுகள். அங்கே எல்லாம் கேபிள் குட்டை, யாருக்கும் குறை தெரிந்திருக்கவில்லை. “நல்லாத்தானே பாய் கீது” என்றார்கள். “இல்ல, தப்பாப் போட்டுட்டேன்” என்று ஒவ்வொருவரிடமும் சொல்லி, வெட்டி, மாற்றினார். ஆறாவது ஆள் நான். என் மேசைக்குப் பின்னால் போகும் கேபிள் அவர் போட்டுக் கொடுத்தது. கதையை அனுப்பினால் பத்திரிகைக்குப் போய்ச் சேர ஏன் இவ்வளவு நேரம் என்று நான் யோசித்ததே இல்லை. இணையம் என்றால் அப்படித்தான் என்று இருந்தேன். ஞாயிற்றுக்கிழமை காலை வந்து, மேசைக்கு அடியில் உட்கார்ந்து, அதைத்தான் மாற்றிக்கொண்டிருந்தார்.

கிளம்பும்போது வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே இன்னொன்றும் சொன்னார். இது அவருக்கே பிறகுதான் தெரிந்ததாம், அம்மா சொல்லி. லேப்டாப் பூட்ச்சுன்னு சொல்லிடு என்று காசிம் பீவி சொன்னபோது, படியேறும் முன் ஷாஜியா திரும்பி ஒரே வரி சொல்லியிருக்கிறாள்.

“பொய் சொல்லிக் காப்பாத்துற அளவுக்கு அவரு சின்ன ஆளு இல்ல மாமி.”

இதைச் சொல்லும்போது பைரோஸ் என்னைப் பார்க்கவில்லை. செருப்பு வாரை இரண்டு முறை மாட்டினார். எனக்கு அவர்மேல் பொறாமையாக இருந்தது.

10

ஆக எல்லாம் தெரிந்துவிட்டது, அவள் மாடியில் சொன்ன அந்த வாக்கியத்தைத் தவிர. நான் எழுதிய மூன்றும் தேறவில்லை. ஓர் இடம் விடுகிறேன். அன்பாகச் செய்து கொடுத்தவரிடம், அது தப்பு என்று, நாற்பது நிமிடத்துக்குள் சொல்ல வேண்டும். நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்:

“. . . . . . . . . . . . . . . . . . . . . . . . . . . . . . . .”

இங்கே முடித்துவிட்டு, வழக்கம்போல என் மனைவி விஜயலட்சுமியிடம் படிக்கக் கொடுத்தேன். இருபத்திரண்டு வருடமாக நான் எழுதுவதையெல்லாம் முதலில் படிப்பவள் அவள்தான். படித்துவிட்டு, “நல்லாருக்கு” என்பாள். நானும் அனுப்பிவிடுவேன்.

இந்தக் கதையைக் கொஞ்சம் மெதுவாகப் படித்தாள். ஷாஜியா மாமியாரிடம் சொன்ன வரி இருந்த பக்கத்தை மட்டும் புரட்டாமல் வைத்திருந்தாள்.

“ஏங்க, நாப்பது நிமிஷத்தக் கையில வெச்சிக்கினு எவளாவது இவ்ளோ வசனம் பேசுவாளா?” என்றாள்.

“அப்போ அவங்க என்னதான் சொல்லியிருப்பாங்க?”

“அது அவங்க ரெண்டு பேருக்குள்ள. அத வுடுங்க.” தாள்களைத் தட்டி ஒழுங்கு செய்து மேசையில் வைத்தாள். “உங்க கதைங்களப் பத்தி உங்ககிட்ட சொல்றதுக்கு எங்கிட்ட ஒண்ணு கீது. ரொம்ப வருஷமா கீது. உக்காருங்க.”

நான் உட்கார்ந்தேன்.